மூளையும் முதுமையும்: எலிக்கூண்டில் விடை தேடிய வரலாறு

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுநாளாக வழங்கிவரும் பழமொழி. இளமையில் கற்காதவன் முதுமையில் கற்க மாட்டான் என்பது அதன் கருத்து. கண் மங்குவது போலவும் காது மந்தமாவது போலவும் அறிவும் வயதோடு மங்கியே தீரும் என்று மக்கள் நம்பினர். பெயர் மறப்பதும், கை நடுங்குவதும், நடை தளர்வதும் முதுமையின் இயல்பு என்று கருதி அமைந்துவிட்டனர். இந்த நம்பிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று. உலகத்தார் யாவரிடமும் காணப்படுவது.

ஆயினும், தளர்ச்சிக்குக் காரணம் யாது என்ற வினா எஞ்சி நிற்கிறது. மூளையின் நரம்பணுக்கள் மடிந்தொழிவதுதான் காரணமா? அல்லது, நரம்பணுக்கள் இருந்தும் அவற்றினிடையே செய்தி கொண்டு செல்லும் இரசாயனப் பொருள்கள் குறைந்துபோவது காரணமா? முன்னது மட்டுமே உண்மையாயின், மனிதன் செய்யக்கூடியது அதிகமில்லை. பின்னதும் உண்மையாயின், குறைந்ததை நிறைக்க வழியுண்டா என்று தேடலாம். முதுமை விதியா, அல்லது ஓரளவேனும் மாற்றத்தக்க நிலையா என்பதே இவ்வினாவின் உட்பொருள்.

இதற்கு விடை காண விஞ்ஞானிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உழைத்து வருகின்றனர். அவர்கள் தேடிய விடையின் பெரும்பகுதி மனிதரிடமிருந்து கிடைக்கவில்லை. தவளை, முயல், சுண்டெலி, எலி ஆகிய சிற்றுயிர்களிடமிருந்தே கிடைத்தது. உயிரோடிருக்கும் மனிதனின் மூளையை எடுத்துச் சோதிக்க இயலாது. மேலும், மனிதன் முதுமை எய்த எழுபது எண்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஆராய்ச்சியாளனே முதியவனாகிவிடுவான். எலியோ இரண்டு ஆண்டுகளில் கிழப்பருவம் எய்துகிறது. ஆகவே ஓர் ஆராய்ச்சியாளன் தன் வாழ்நாளில் பல எலித் தலைமுறைகளின் பிறப்பையும் மூப்பையும் கண்டுவிட முடிகிறது.

பாரிசில் ஒரு முதியவர்

1889-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள். பாரிஸ் மாநகரில் உயிரியல் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. சார்லஸ் எட்வார்ட் பிரவுன் செக்கார் என்னும் பேரறிஞர் பேச எழுந்தார். அவர் மொரீசியசுத் தீவில் பிறந்தவர். நரம்பு மண்டல ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். அப்பொழுது வயது 72. நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தம் உடலில் ஊசி வழியே ஏற்றிக்கொண்டதாகவும், அதனால் இழந்த வலிமை மீண்டதாகவும், படிகளில் விரைந்து ஏற முடிவதாகவும், நெடுநேரம் அறிவுப் பணி செய்ய இயல்வதாகவும் அவர் அறிவித்தார்.

செய்தி உலகெங்கும் பரவிற்று. 'இளமை மருந்து' என்று வணிகர் விற்கத் தொடங்கினர். ஆனால் அச்சாற்றில் பயன் தரும் அளவிற்கு எப்பொருளும் இருந்திருக்க முடியாது என்பது பிற்காலத்தார் முடிவு. அவர் பொய் சொல்லவில்லை. நம்பிக்கையே அவருக்கு வலிமை தந்தது. ஒரே மனிதர், அவரே மருத்துவர், அவரே நோயாளி, அவரே சாட்சி! மருந்து பெறாத இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அங்கு இல்லை. முதுமை ஆராய்ச்சி கற்ற முதற்பாடம் இது. ஆசை மிகுந்த இடத்தில் அளவுகோலும் கடுமையாக இருத்தல் வேண்டும்.

வெள்ளை எலியின் வருகை

அந்த அளவுகோலை அமைக்க முனைந்தவருள் ஒருவர் ஹென்றி டொனால்ட்சன் என்னும் அமெரிக்கர். அவர் 1906-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டார் நிலையத்திற்கு வந்து சேர்ந்தார். அங்கு வெள்ளை எலிகளை ஒரே வகை உணவு, ஒரே வகைக் கூண்டு என வளர்த்து, பிறந்தது முதல் மூப்பு வரை மூளையின் எடையையும் நீர் அளவையும் ஒழுங்காக அளந்தார். 1915-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'எலி' என்னும் நூல் உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் கைந்நூலாயிற்று.

எலியின் வாழ்வு மனித வாழ்வைக் காட்டிலும் ஏறக்குறைய 30 மடங்கு விரைந்து செல்கிறது என்று டொனால்ட்சன் கணக்கிட்டார். மூன்று வயது எலி தொண்ணூறு வயது முதியவருக்கு நிகர். பிறந்த எலியின் மூளையில் நூற்றுக்கு 88 பங்கு அளவில் இருந்த நீர், வளர்ந்த எலியில் 78 பங்கு அளவிற்குக் குறைவதையும் அவர் காட்டினார். மூளையின் இரசாயன அமைப்பு வயதோடு மாறுகிறது என்பதற்கு எண்களால் கிடைத்த தொடக்கச் சான்றுகளுள் இது ஒன்று.

1935-ஆம் ஆண்டில் மற்றொரு வியப்பு நேர்ந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே என்பார் எலிகளுக்கு ஊட்டப்பொருள்கள் குறையாமல் உணவின் ஆற்றல் அளவை மட்டும் குறைத்து வளர்த்தார். வயிறு நிறைய உண்ட எலிகளைவிட அளவோடு உண்ட எலிகள் நெடுநாள் வாழ்ந்தன. வாழ்நாளின் எல்லை கல்லில் எழுதிய எழுத்தன்று என்பது அன்று தெளிவாயிற்று. ஆனால் அந்த எலிகளின் மூளைக்குள் என்ன நிகழ்ந்தது என்பதை அறியும் கருவி அப்பொழுது இல்லை.

தவளையின் இதயம் சொன்ன செய்தி

மூளையின் இரசாயனத்தை அறிவதற்கு முன்னர், நரம்புகள் இரசாயனத்தால் பேசுகின்றன என்பதையே ஐயமற நிறுவவேண்டியிருந்தது. நரம்பிலிருந்து நரம்பிற்கு மின்சாரமே நேரடியாகத் தாவுகிறது என்று பலர் கருதிய காலம் அது.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆட்டோ லோவி என்னும் அறிஞர் ஓரிரவு கனவில் ஒரு சோதனையைக் கண்டார். விழித்தெழுந்து தாளில் குறித்து வைத்தார். காலையில் தம் எழுத்தைத் தாமே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு வந்தது. இம்முறை காலம் தாழ்த்தாது ஆராய்ச்சிக்கூடத்திற்கே விரைந்தார். இரண்டு தவளைகளின் இதயங்களைத் தனித்தனியே உப்புநீரில் துடிக்க வைத்தார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டித் துடிப்பைத் தணித்தார். பின்னர் அந்த இதயம் இருந்த நீரை எடுத்து, மற்ற இதயத்தில் செலுத்தினார். நரம்பு எதுவும் தூண்டப்படாத அந்த இரண்டாம் இதயமும் துடிப்புத் தணிந்தது! நரம்பின் கட்டளை நீரில் கரைந்து வந்திருந்தது.

1921-ஆம் ஆண்டில் லோவி இதனை வெளியிட்டார். அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியாயிற்று. இங்கிலாந்து நாட்டு ஹென்றி டேலும் லோவியும் 1936-ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஒரு நரம்பணுவின் முனையில் தூதுப் பொருள் சுரக்கிறது. இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியைக் கடக்கிறது. அடுத்த அணுவின் மேலுள்ள ஏற்பி என்னும் வாயிலில் பொருந்திச் செய்தியைச் சேர்க்கிறது. வேலை முடிந்ததும் அந்தத் தூதன் சிதைக்கப்படுகிறான். அல்லது திரும்ப அழைத்துக்கொள்ளப்படுகிறான்.

இந்த ஏற்பாட்டில் மூப்பு எங்கெங்கே புகக்கூடும் என்பது இப்பொழுது எளிதில் விளங்கும். தூதன் குறையலாம், வாயில் குறையலாம், தூதனைச் சிதைக்கும் பொருள் மிகலாம். பின்வந்த ஆராய்ச்சிகள் யாவும் இம்மூன்றனுள் ஒன்றைப் பற்றியவையே.

சர்ப்பகந்தாவும் முயலும்

அடுத்த படிக்கு வழி காட்டியது இந்திய மூலிகை ஒன்று. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் இந்திய மருத்துவத்தில் பன்னெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 1931-ஆம் ஆண்டில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவர், மனக்கோளாறுக்கும் மிகை இரத்த அழுத்தத்திற்கும் அது பயன்படும் என்று எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இதய மருத்துவ ஏட்டில் தம் அனுபவத்தை வெளியிட்டபின் மேல்நாட்டார் கவனம் அதன்மேல் திரும்பியது. 1952-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர்.

ரெசர்ப்பின் கொடுத்த பிராணிகள் அசைவற்றுச் சோர்ந்து கிடந்தன. சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் இதன் காரணத்தை ஆராய்ந்தார். அம்மருந்து நரம்பணுக்களில் சேமித்து வைத்துள்ள தூதுப் பொருள்களைக் காலியாக்குகிறது என்பது தெரிந்தது. அப்படியானால், காலியான கிடங்கை நிரப்பினால் என்ன ஆகும்? 1957-ஆம் ஆண்டில், ரெசர்ப்பினால் காது தொங்கி முடங்கிக் கிடந்த முயல்களுக்கு டோபா என்னும் பொருளை ஊசி மூலம் கொடுத்தார். சிறிது நேரத்தில் முயல்கள் காதை நிமிர்த்தி எழுந்து நடமாடின!

டோபா உடலினுள் டோபமீன் என்னும் பொருளாக மாறுகிறது. அதுவரை டோபமீன் வேறொரு பொருளை ஆக்கும் வழியில் தோன்றும் இடைப்பொருள் என்றே கருதப்பட்டு வந்தது. அது மூளையில் தனக்கென ஒரு தொழில் உடைய தூதுப் பொருள் என்று கார்ல்சன் வாதாடினார். 1960-ஆம் ஆண்டில் லண்டனில் கூடிய கருத்தரங்கில் டேல் முதலிய மூத்த அறிஞர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. ஆனால் உண்மை நெடுநாள் மறைந்திருக்கவில்லை. டோபமீன் மிகுதியாக இருப்பது மூளையின் ஆழத்தில், உடல் அசைவை ஆளும் வரியுடல் என்னும் பகுதியில் என்று காணப்பட்டது. அதே 1960-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் எரிங்கரும் ஹோர்னிக்கீவிச்சும், நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் அப்பகுதியில் டோபமீன் மிகவும் குறைந்திருந்ததைக் கண்டனர். முயலிடம் கற்ற பாடம் மனிதனுக்கும் பொருந்தியது. அதிலிருந்து பிறந்த லெவோடோபா மருத்துவம் எண்ணற்ற நோயாளிகளை எழுந்து நடக்கச் செய்தது. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

நோயாளியிடம் காணும் நடுக்கமும், குனிந்த நடையும், அசைவின் மந்தமும், நோயற்ற முதியவரிடமும் மெல்லிய அளவில் காணப்படுகின்றன. அப்படியானால் முதுமை என்பதே டோபமீன் சிறிது சிறிதாகக் குறையும் நிலையோ என்ற ஐயம் இயல்பாக எழுந்தது.

நீந்திக் கரைசேர்ந்த கிழ எலிகள்

இந்த ஐயத்தைத் தீர்க்க முதிய சுண்டெலிகளை ஆராய்ந்தவர் கேலப் பிஞ்ச் என்னும் அமெரிக்கர். முதிய ஆண் சுண்டெலிகளின் வரியுடலில் டோபமீன் குறைந்திருப்பதை அவர் 1973-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூளை முழுவதும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஒரு சில பகுதிகளில், ஒரு சில பொருள்களே முதலில் குறைகின்றன என்பது இத்தகைய ஆய்வுகளிலிருந்து விளங்கியது.

தூதன் மட்டுமன்று, வாயிலும் குறைகிறது என்று 1978-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரிலிருந்து செய்தி வந்தது. ஜேம்ஸ் ஜோசப், ஜார்ஜ் ராத் முதலியோர் கிழ எலிகளின் வரியுடலில் டோபமீன் ஏற்பிகள் குறைந்திருப்பதையும், அவ்வெலிகளின் அசைவு குன்றியிருப்பதையும் ஒருசேரக் காட்டினர்.

அதற்கு அடுத்த ஆண்டில் மார்ஷல், பெரியோஸ் ஆகிய இருவர் கலிபோர்னியாவில் செய்த சோதனை எளியது; ஆயினும் மனத்தில் பதிவது. இளம் எலிகளையும் கிழ எலிகளையும் நீர்த்தொட்டியில் விட்டனர். இளையவை இலகுவாக நீந்தின. கிழ எலிகளோ தலையை நீர்மேல் நிறுத்த முடியாமல் தத்தளித்தன. பின்னர், டோபமீன் ஏற்பிகளைத் தூண்டும் மருந்தையோ, டோபமீனாக மாறும் லெவோடோபாவையோ கிழ எலிகளுக்குக் கொடுத்து மீண்டும் நீரில் விட்டனர். இம்முறை அவை முன்னிலும் நன்றாக நீந்தின.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வெலிகளின் தசையும் எலும்பும் அதே கிழத் தசையும் எலும்பும்தாம். மருந்து அவற்றை மாற்றவில்லை. மாறியது மூளையில் செய்தி செல்லும் வழி ஒன்றே. நீந்தும் ஆற்றல் அழிந்துபோயிருந்தால் அது மீண்டிருக்காது. ஆற்றல் இருந்தது, அதை எழுப்பும் தூதுதான் குறைந்திருந்தது. 'முதுமையில் இழந்தது' என்று கருதப்பட்டவற்றுள் ஒரு பகுதி உண்மையில் இழக்கப்படவில்லை என்று அந்த நீர்த்தொட்டி காட்டிற்று.

1981-ஆம் ஆண்டில் ராத் குழுவினர் மெக்கேயின் பழைய சோதனையை நினைவிற்கொண்டு உணவைக் குறைத்து எலிகளை வளர்த்தனர். அவ்வெலிகளின் மூளையில் டோபமீன் ஏற்பிகள் குறையும் வேகம் தணிந்திருந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் எழுந்த வினாவிற்கு ஒரு விடை கிடைத்தது. 1984-ஆம் ஆண்டில், உயிரோடிருக்கும் மனிதரின் மூளையைக் கதிர்வழியே படம்பிடிக்கும் புதிய கருவியால், வயது ஏற ஏற மனிதரிடமும் இந்த ஏற்பிகள் குறைகின்றன என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் கண்டனர். எலி சொன்னதை மனிதமூளை வழிமொழிந்தது.

புடாபெஸ்ட் நகரின் எலிகள்

மூன்றாவது வழியையும் காணவேண்டும்: தூதனைச் சிதைக்கும் பொருள் மிகுவது. டோபமீன் போன்ற தூதுப் பொருள்களைச் சிதைப்பதற்கு மானோஅமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதி ஒன்று உண்டு. இதை 1928-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் முதலில் கண்டறிந்தவர் மேரி ஹேர் என்னும் பெண்மணி. இந்நொதி 'ஏ' என்றும் 'பி' என்றும் இருவகைப்படும் என்பது பின்னர் தெரியவந்தது. வயது முதிர முதிர மூளையில் 'பி' வகை நொதி மிகுகிறது. நரம்பணுக்களைச் சூழ்ந்து தாங்கும் துணை அணுக்களில் அது மிகுதியாக இருப்பதும், முதுமையில் அத்துணை அணுக்கள் பெருகுவதும் இதற்குக் காரணம் என்பர்.

ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் ஜோசப் நோல் என்னும் மருந்தியல் அறிஞர் இருந்தார். நாஜிகளின் சிறைமுகாம்களில் அடைபட்டு உயிர் தப்பியவர் அவர். 1960-களில் அங்கு உருவான டெப்ரினில் என்னும் மருந்து 'பி' வகை நொதியை மட்டும் தேர்ந்து தடுப்பதை அவர் குழுவினர் கண்டனர். சிதைக்கும் நொதியைத் தடுத்தால் முதுமையில் டோபமீன் காக்கப்படுமா? காக்கப்பட்டால் வாழ்நாளும் நீளுமா?

நோல் 132 ஆண் எலிகளை எடுத்துக்கொண்டார். அவை இரண்டு வயது நிறைந்த கிழ எலிகள். பாதி எலிகளுக்கு வாரம் மும்முறை சிறிதளவு டெப்ரினில். மறுபாதிக்கு வெறும் உப்புநீர். பிரவுன் செக்கார் செய்யத் தவறிய ஒப்பீடு இங்கே முறையாக அமைந்தது. 1988-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. உப்புநீர் பெற்ற எலிகள் சராசரி 147 வாரங்கள் வாழ்ந்தன. டெப்ரினில் பெற்றவை சராசரி 192 வாரங்கள் வாழ்ந்தன. உப்புநீர் எலிகளுள் நெடுநாள் வாழ்ந்தது 164-ஆம் வாரத்தில் இறந்தது. மருந்து பெற்றவற்றுள் முதலில் இறந்ததே 171 வாரம் வாழ்ந்திருந்தது! ஓர் எலி 226-ஆம் வாரம் வரை உயிரோடிருந்தது.

பிரவுன் செக்காருக்கு ஒரு நூற்றாண்டு கழித்து இளமை மருந்து என்னும் பேச்சு மீண்டும் எழுந்தது. ஆனால் விஞ்ஞான உலகம் இம்முறை ஒருவர் சொல்லோடு நிறைவடையவில்லை. பிற நாட்டார் தாமும் சோதித்தனர். கனடாவில் டொரண்டோ நகரிலும், ஜப்பானில் டோக்கியோ நகரிலும் செய்த சோதனைகளில் எலிகளின் வாழ்நாள் ஓரளவு நீண்டது; ஆயினும் நோல் கண்ட அளவிற்கு நீளவில்லை. அளவு மீறிக் கொடுத்தபொழுது வாழ்நாள் குறைந்ததையும் ஜப்பானியர் கண்டனர். மருந்தின் பயன் ஒரு குறுகிய எல்லைக்குள் அடங்கியிருந்தது.

மனிதரிடம் நிகழ்ந்தது என்ன? வட அமெரிக்காவில் 800 பார்க்கின்சன் நோயாளிகளைக் கொண்டு நடத்திய பெருஞ்சோதனையின் முதல் முடிவு 1989-ஆம் ஆண்டில் வெளிவந்தது. டெப்ரினில் பெற்றவர்களுக்கு லெவோடோபா தேவைப்படும் காலம் பல மாதங்கள் தள்ளிப்போயிற்று. அது நோயின் அறிகுறிகளைத் தணித்ததா, நோயையே தடுத்ததா என்ற வழக்கு நீண்டது. நோயைத் தடுத்ததாக மெய்ப்பிக்க இயலவில்லை. 1995-ஆம் ஆண்டில் பிரித்தானியக் குழு ஒன்று, லெவோடோபாவோடு இம்மருந்தையும் பெற்றவர்களில் இறந்தோர் தொகை மிகுதி என்று அறிவித்து அதிர்ச்சி ஊட்டியது. பிற ஆய்வுகளில் அவ்வாறு காணப்படவில்லை. மனிதரின் வாழ்நாளை அம்மருந்து நீட்டுகிறது என்பதற்கோ சான்று இல்லை. பார்க்கின்சன் நோய்க்கான மருந்துகளுள் ஒன்றாக அது நிலைபெற்றது. முதிய நாய்களின் அறிவுத் தடுமாற்றத்திற்குக் கொடுக்க 1998-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இசைவு தந்தது.

எலிக்கு உதவியது மனிதருக்கு அவ்வாறே உதவாமற் போனது ஏன்? ஒரு நுட்பம் இங்கே கருதத்தக்கது. எலியின் மூளையில் டோபமீனைப் பெரும்பாலும் சிதைப்பது 'ஏ' வகை நொதியே என்று பிற்கால ஆய்வுகள் கூறின. ஆகவே 'பி' வகையைத் தடுத்ததால்தான் எலி நெடிது வாழ்ந்தது என்னும் விளக்கமே ஐயத்திற்கு இடமாயிற்று. எலி மனிதனுக்கு உவமையே அன்றி மனிதனே ஆகிவிடாது. உவமைக்கும் பொருளுக்கும் ஒற்றுமை உண்டு. ஆனால் எல்லாக் கூறும் ஒத்துவிடுவதில்லை. இவ்வுண்மை தமிழாசிரியர்க்குப் புதிதன்று.

904 நாள் வாழ்ந்த மாணாக்கர்

மருந்தால் முதுமையை வெல்ல முயன்றவர் கதை இது. மருந்தே இல்லாமல் மூளையின் இரசாயனத்தை மாற்ற முடியும் என்று காட்டியவரும் உண்டு.

கனடா நாட்டு உளநூலறிஞர் டொனால்ட் ஹெப், சில எலிகளைத் தம் வீட்டிற்குக் கொண்டு சென்று பிள்ளைகளோடு விளையாட விட்டார். ஆராய்ச்சிக்கூடத்துக் கூண்டில் வளர்ந்த எலிகளைவிட அவை அறிவுச் சோதனைகளில் சிறந்து விளங்கின என்று 1947-ஆம் ஆண்டில் எழுதினார். இதை அளந்து காட்ட முனைந்தவர்கள் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெச், ரோசன்ஸ்வைக், பென்னட், மேரியன் டயமண்ட் என்னும் நால்வர். ஒரே ஈற்றில் பிறந்த எலிகளைப் பிரித்து, சிலவற்றைப் பெருங்கூண்டில் பல தோழர்களோடும், நாள்தோறும் மாற்றப்படும் விளையாட்டுப் பொருள்களோடும் வளர்த்தனர். சிலவற்றைத் தனிக்கூண்டில் வெறுமையில் வளர்த்தனர். 1964-ஆம் ஆண்டு வரை நடந்த ஆய்வுகளில், தோழமையோடு வளர்ந்த எலிகளின் மூளைப்புறணி எடை மிகுந்தும், தடித்தும் இருந்தது. லோவி கண்ட அசிட்டைல்கோலினோடு தொடர்புடைய நொதியும் அம்மூளைகளில் மொத்த அளவில் மிகுந்திருந்தது.

இவை இளம் எலிகள். ஐந்தில் வளைந்தவை. ஐம்பதில் வளையுமா?

இதற்கு விடை காண மேரியன் டயமண்ட் இருபது ஆண்டுகள் கழித்து மிகவும் முதிய எலிகளை எடுத்துக்கொண்டார். எலிகளை அத்துணை முதுமை வரை வாழவைப்பதே அரிதாக இருந்தது. கூண்டைத் துப்புரவு செய்யும்பொழுதெல்லாம் எலிகளைக் கையில் எடுத்து அணைத்துத் தடவிக்கொடுத்ததால் அவை நெடுநாள் வாழ்ந்தன என்று அவர் சொல்வதுண்டு. 766 நாள் வயதான எலிகளைத் தோழர்களும் பொருள்களும் நிறைந்த கூண்டில் விட்டு, 904-ஆம் நாள் வரை வைத்திருந்தார். டொனால்ட்சன் கணக்குப்படி 904 நாள் என்பது மனிதனுக்கு ஏறக்குறைய 74 வயது. 1985-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று: அந்தக் கிழ எலிகளின் மூளைப்புறணியும் தடித்திருந்தது. இளமையில் வாய்ப்பளித்ததால் அன்று, கிழப்பருவத்தில் வாய்ப்பளித்ததால்.

வரலாறு தரும் பாடம்

ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சியைத் தொகுத்து நோக்கின், உறுதியானவை சில, உறுதியாகாதவை சில. முதுமையில் மூளையின் தூதுப் பொருள்களும் அவற்றின் ஏற்பிகளும் சில பகுதிகளில் குறைகின்றன என்பது உறுதி. அக்குறைவால் நேரும் தளர்ச்சியில் ஒரு பகுதியேனும் மீட்கத்தக்கது என்பதும், உணவும் சூழ்நிலையும் அம்மாற்றத்தின் வேகத்தைப் பாதிக்கின்றன என்பதும் பிராணிகளிடத்தில் உறுதி. இவற்றைக்கொண்டு மனிதனின் முதுமையைத் தடுக்கும் மருந்து கண்டுவிட்டதாகக் கூறுவது மட்டும் உறுதியன்று. 1889-ஆம் ஆண்டிலும் அவ்வாறு கூறினர்; 1988-ஆம் ஆண்டிற்குப் பின்னரும் கூறினர். இருமுறையும் ஆசை சான்றை முந்திக்கொண்டு ஓடியது. வேறுபாடு ஒன்றே: முதன்முறை அதைத் தடுத்து நிறுத்தும் முறை இல்லை, இரண்டாம் முறை இருந்தது.

மூப்படைந்த மூளை இடிந்த வீடன்று. விளக்கிற்கு எண்ணெய் குறைந்த வீடு என்று கூறுவது ஓரளவு பொருந்தும். சில அறைகள் இருண்டிருக்கலாம். எனினும் குடியிருப்பவர் இருக்கின்றார். முதியவர் மெல்லப் பேசினால் பொறுத்திருந்து கேட்பதும், மறந்ததை நகையாது நினைவூட்டுவதும், அவரை மூலையில் தனியே அமர்த்தாது நாலுபேர் நடுவில் வைத்திருப்பதும் வெறும் மரியாதைச் செயல்கள் அல்ல என்று எண்ண இவ்வாராய்ச்சிகள் இடந்தருகின்றன. ஓய்வு பெற்ற ஆசிரியர் புதிய மொழி ஒன்றைக் கற்கத் தொடங்கினால் வியப்பதற்கும் ஒன்றுமில்லை.

ஐந்தில் வளைப்பது எளிது என்பது உண்மை. அதனால் பழமொழி பொய்யாகிவிடவில்லை. ஆனால் பழமொழி கேட்பது ஒரு வினா. 'வளையாது' என்று அது விடை கூறவில்லை. ஐம்பதில் வளையுமா என்று கேட்டவர்க்கு, எழுபத்து நான்கிற்கு நிகரான வயதில் ஓர் எலிக்கூட்டம் விடை கூறிச் சென்றிருக்கிறது.